இங்கே பேசுவது இங்கேயே இருக்கும்

நீங்க ஜன்னல் பக்கமே உட்காருங்க. எனக்கு வெயில் பட்டாத் தலைவலி வந்துடும். கூடையை இப்படிக் குடுங்க, காலுக்கடியில் வெச்சுக்கலாம். நான் கடைசி ஸ்டாப்புதான், ஈச்சங்காட்டுவலசு. இந்த ரூட்டில் இதுக்கு முன்னாடி வந்ததே இல்லை. ஒருத்தரைக் கூட்டிட்டு வரப் போறேன். சொந்தக்காரங்க இல்லைங்க. எங்க பள்ளிக்கூடத்து ஆயா.

சிரிக்காதீங்க. எம்.எஸ்ஸி. சைக்காலஜி, அதுக்கு மேல ஒரு டிப்ளமோ. சனிக்கிழமை மத்தியானம் ஒரு ஆயாவைத் தேடிக்கிட்டு டவுன் பஸ்ஸில் போய்க்கிட்டு இருக்கறேன். என் பேரு ரேணுகாதேவி. பள்ளிக்கூடத்தில் கவுன்சிலர் மிஸ்னு சொல்லுவாங்க. வார்டு கவுன்சிலர் இல்லைங்க, இது பிள்ளைங்க மனசு சம்பந்தப்பட்டது. நான் சேர்ந்த முதல் வாரமே ஒரு அப்பா வந்து, அவங்க தெருவில் பத்து நாளாத் தண்ணி வரலைன்னு அரை மணி நேரம் என்கிட்டப் பேசிட்டுப் போனார். நான் அந்தக் கவுன்சிலர் இல்லைன்னு சொல்ல அவர் விடவே இல்லை. சில பேர் அப்படித்தான், எதிராளிக்கு ஒரு வார்த்தை பேச இடம் குடுக்க மாட்டாங்க.

எங்களோடது அஞ்சாங்கிளாஸ் வரைக்கும்தான். இங்கிலீஷ் மீடியம். போன ஜூலையில் சேர்ந்தேன். வாசலில் போர்டு வெச்சாங்க. நீச்சல் குளம் உண்டு, யோகா உண்டு, கராத்தே உண்டு, அதுக்குக் கீழ மனநல ஆலோசகர் உண்டுன்னு நான். நீச்சல் குளத்தில் தண்ணி இருந்து நான் பார்த்ததில்லை. என் ரூமும் அப்படித்தான். விளையாட்டுச் சாமான் வெக்கற அறையில் பாதியை ஒரு திரை போட்டு மறைச்சுக் குடுத்தாங்க. அந்தப் பக்கம் பந்து, வளையம், ஸ்கிப்பிங் கயிறு. இந்தப் பக்கம் ஒரு பிள்ளை அழுதுக்கிட்டு இருக்கும். பி.டி. சார் திரையை விலக்கி, "ஸாரி மிஸ், ஒரு பந்து"ன்னு எடுத்துட்டுப் போவார். திரும்ப வெக்கறதுக்கு ஒரு தடவை வருவார்.

சரி, இருக்கறதை நல்லா வெச்சுக்கலாம்னு என் கையாலேயே ஒரு சார்ட் எழுதி மாட்டினேன். 'இங்கே பேசுவது இங்கேயே இருக்கும்.' பெரிய எழுத்து. சுத்தி மினுமினுக்கற தூள் ஒட்டி, ரெண்டு பட்டாம்பூச்சி வரைஞ்சு. அதுதாங்க எங்க தொழிலுக்கே அடிப்படை. ஒரு பிள்ளை நம்மகிட்டச் சொன்னது நம்மளோட போயிடணும். வேற யாருக்கும் தெரியக் கூடாது.

ஆனா பிள்ளைங்களா வந்தாத்தானே? மிஸ்ஸுங்க என்ன பண்ணிட்டாங்கன்னா, என்னை ஒரு தண்டனை ஆக்கிட்டாங்க. ஹோம் ஒர்க் எழுதலையா, போ கவுன்சிலிங் ரூமுக்கு. பக்கத்துப் பையனைக் கிள்ளினயா, போ கவுன்சிலிங் ரூமுக்கு. முன்னாடியெல்லாம் வெயிலில் நிறுத்துவாங்களாம். இப்ப நான். யூ.கே.ஜி.யில் ஒரு பொடியன், நான் வராந்தாவில் நடந்து போனாலே டெஸ்க்குக்கு அடியில் போயிடுவான். நான் ஊசி போடறவள்னு யாரோ சொல்லி வெச்சிருக்காங்க. ஹெட்மிஸ்ட்ரஸ்கிட்டப் போய்ச் சொன்னேன். "பரவாயில்லை விடுங்க ரேணுகா, யாராவது ஒருத்தருக்காவது பயப்படட்டும்"னாங்க.

மத்த நேரமெல்லாம் என்ன வேலைன்னு கேளுங்க. லீவு போட்ட மிஸ்ஸோட கிளாஸைப் பார்த்துக்கறது. லேட்டா வர்றவங்களை கேட்டில் நிறுத்திப் பேர் எழுதறது. விளையாட்டு விழாவுக்கு மைக் பிடிக்கறது. அஞ்சு மாசம் கழிச்சு நான் படிச்ச படிப்புக்குன்னு உருப்படியா ஒண்ணு வந்ததுன்னா அது இந்தப் பாப்பாதான்.

பேர் சொல்லக் கூடாதுங்க. தொழில் தர்மம். ஒரு பாப்பான்னு வெச்சுக்கங்க. ரெண்டாங்கிளாஸ், பி செக்‌ஷன். அப்பா ரிக் வண்டியில் போர்வெல் போடறவர், வருஷத்தில் பாதி நாள் வடக்கே எங்கயாவது இருப்பார். அம்மா தறிக்குப் போறாங்க. ரேஷன் கடைக்குப் பின்னாடி பச்சைக் கேட் வெச்ச வீடு. நம்ம பிரணிகா மாதிரி ஒரு கேஸ், புஸ்தகத்தில் படிச்சிருக்கேனே தவிர நேரில் பார்த்ததில்லை.

அவங்க கிளாஸ் மிஸ் ஷீலாதான் டிசம்பர் முதல் வாரம் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்தாங்க. "இவளை என்னன்னு கேளுங்க மிஸ். ஜூன் மாசத்தில் இருந்து ஸ்கூலுக்குள்ள ஒரு வார்த்தை பேசறதில்லை. வீட்டில் வாய் ஓயாதாம். அத்தனையும் திமிரு. ரீடிங் டெஸ்ட்டில் புஸ்தகத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறா, நான் என்ன மார்க் போடறது?"

தாளாளர் வரைக்கும் விஷயம் போயிடுச்சு. அவர் என்னைக் கூப்பிட்டு, "பிப்ரவரி கடைசியில் வாய்மொழித் தேர்வு. நான் நேர்ல வந்து உட்காருவேன். பேசினா இருக்கட்டும். இல்லைன்னா டி.சி. குடுத்துடலாம், வேற மாதிரி ஸ்கூல் பார்த்துக்கட்டும்"னார். வேற மாதிரி ஸ்கூல்னா என்னன்னு உங்களுக்குத் தெரியும். அந்தப் பிள்ளைக்குக் காது நல்லாக் கேக்குது, கணக்கெல்லாம் நூத்துக்கு நூறு போடுது. அதைக் கொண்டுபோய் அங்கே விட்டா என்ன ஆகும்? அன்னைக்கே முடிவு பண்ணினேன், இந்தப் பிள்ளையை நான் பேச வெச்சுக் காட்டறேன்னு.

செவ்வாய், வியாழன், நாற்பது நிமிஷம். எதிர் எதிரா ரெண்டு நாற்காலி. கண்ணைப் பார்த்துப் பேசணும், எங்க படிப்பில் அதுதான் முதல் பாடம். அவ குனிஞ்சுக்கிட்டே இருப்பா. நான் தாடையைத் தொட்டு மெதுவா நிமிர்த்துவேன். "மிஸ்ஸைப் பாரு கண்ணு. என்ன பிரச்னை உனக்கு? வாயைத் திறந்து சொன்னாத்தானே மத்தவங்களுக்குத் தெரியும்?" மறுபடி குனிஞ்சுக்குவா. மறுபடி நிமிர்த்துவேன்.

நான் சளைக்கலைங்க. கதை சொன்னேன், விடுகதை போட்டேன், பதிலும் நானே சொன்னேன். என் சின்ன வயசில் நான் எவ்வளவு கூச்சப்படுவேன், அதில் இருந்து எப்படி வெளியே வந்தேன், எல்லாம் சொன்னேன். நடுவில் ஒரு நிமிஷம்கூட சும்மா விட்டதில்லை. ரூம் அமைதியாயிட்டா பிள்ளை பயந்துடும் இல்லையா? வியாழக்கிழமை சாயங்காலம் எனக்குத் தொண்டை கட்டிக்கும். வீட்டுக்குப் போனா என் பையன் காதில் ஹெட்போன் மாட்டிக்கிட்டு உட்கார்ந்திருப்பான். பத்தாவது படிக்கறான். அவன்கிட்டப் பேச எனக்குச் சத்தே இருக்காது. இருந்தாலும் பேசுவேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை, பாதியில் எந்திரிச்சா. உட்காரு கண்ணு, இன்னும் முடியலைன்னேன். உட்கார்ந்தா. கொஞ்ச நேரத்தில் மறுபடி எந்திரிச்சு, கதவைப் பார்த்துக்கிட்டு நின்னா. கவனம் சிதறுதுன்னு நோட்டில் எழுதிட்டு, தோளைப் பிடிச்சு உட்கார வெச்சேன். அப்ப நான் ஒரு நரியும் கொக்கும் கதை சொல்லிக்கிட்டு இருந்தேன், நல்ல இடம். முடிச்சுப் பார்த்தா தரையெல்லாம் ஈரம். ஆயா எங்க இருந்தோ வந்தா. என்னைப் பார்க்கவே இல்லை. "தண்ணிப் பாட்டல் கொட்டிப் போச்சுங் மிஸ், மூடி சரியில்லீங்க"ன்னு சொல்லிட்டுப் பிள்ளையைக் கூட்டிட்டுப் போயிட்டா. அதுக்கப்புறம் வந்து துடைச்சா. நான் பாப்பாவோட அம்மாவுக்கு டைரியில் எழுதி அனுப்பினேன், நல்ல பாட்டிலா வாங்கிக் குடுங்கன்னு.

என்னங்க, எந்திரிக்கறீங்க? காத்து வரலையா? அந்தக் கண்ணாடியை இப்படிப் பின்னாடி தள்ளணும். இருங்க, நான் தள்ளறேன். ஆங், இப்ப வருது பாருங்க. உட்காருங்க உட்காருங்க, டிரைவர் பிரேக் போட்டா விழுந்துடுவீங்க.

இந்த ஆயாவைப் பத்திச் சொல்லணும். பேரு சாந்தாமணி. ஆயான்னதும் வயசானவள்னு நினைச்சுக்காதீங்க, என்னைவிட ஏழெட்டு வயசு சின்னவ. எட்டாவதோட நின்னுட்டா. பாத்ரூம் கழுவறது, வேனில் பிள்ளைங்களை இறக்கி ஏத்தறது, அதோட தலை பின்னி விடறது. எங்க ஸ்கூலில் பொம்பளைப் பிள்ளைங்களுக்கு ரெட்டைப் பின்னல், மடிச்சு மெரூன் ரிப்பன் கட்டியிருக்கணும். விளையாடறப்ப அவுந்து போயிடும். அவுந்த தலையோட மத்தியானக் கிளாஸுக்குள்ள விட மாட்டாங்க. அதனால சாப்பாட்டு நேரத்தில் குழாயடிக்குப் பக்கத்தில் சாந்தாமணி சீப்போட உட்கார்ந்திருப்பா. பிள்ளைங்க வரிசையா வந்து முதுகைக் காட்டி உட்காருவாங்க.

ஜனவரியில், பொங்கல் லீவு முடிஞ்சு வந்த வாரம். நான் கை கழுவப் போறேன். சுவத்துக்கு அந்தப் பக்கம் ஒரு குரல். "கல்லு மாவு மாவா வருமாம். அப்புறம் சேறு. அப்புறந்தான் தண்ணி. தண்ணி வந்துச்சுன்னா அப்பா மேல எல்லாம் அடிக்குமாம். அந்த ஊட்டுக்காரங்க சக்கரை குடுப்பாங்களாம்..." எட்டிப் பார்க்கறேன். பிரணிகா. நிறுத்தாம பேசறா. சாந்தாமணி பின்னாடி உட்கார்ந்து பின்னிக்கிட்டு இருக்கா. வாயில் ரிப்பனைக் கடிச்சுக்கிட்டு, "ம்... ம்..."னு மட்டும். ஒரு பிள்ளை அவ்வளவு பேசுதே, ஒரு பதில் சொல்லணும், ஊக்கப்படுத்தணும்னு ஏதாவது உண்டா? ஒண்ணும் இல்லை. பின்னி முடிச்சு, முதுகில் ஒரு தட்டுத் தட்டி எழுப்பி விட்டா. அவ்வளவுதான். பாப்பா திரும்பினா, என்னைப் பார்த்தா, வாயை மூடிக்கிட்டா.

எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்க. ஏழு வாரம் நான் தொண்டைத் தண்ணி வத்தப் பேசியிருக்கேன்.

ரெண்டு நாள் மறைஞ்சு நின்னு கவனிச்சேன். அந்தப் பிள்ளைக்கு முடி அவுந்து போறதே இல்லை. பெல் அடிச்சதும் அவளே தூணுக்குப் பின்னாடி போய் ரிப்பனை உருவிட்டு வந்து வரிசையில் நிக்கறா. கடைசி ஆளா நிக்கறா, அப்பத்தான் பின்னாடி யாரும் இருக்க மாட்டாங்க. இதை எங்க படிப்பில் சார்புன்னு சொல்லுவோம். ஒருத்தர் மேல சாஞ்சுக்கறது. நல்லதில்லை.

சாந்தாமணியை என் ரூமுக்குக் கூப்பிட்டேன். நாற்காலியில் உட்காரச் சொன்னா உட்கார மாட்டேங்கறா. "நீ என்ன பண்ணின அவளை?"ன்னேன்.

"நான் ஒண்ணும் பண்ணுலீங் மிஸ். தலை பின்னி உடறனுங்க. அம்மிணி பாட்டுக்குப் பேசுமுங்க."

"ஏன் மத்தவங்ககிட்டப் பேசறதில்லைன்னு சொன்னாளா?"

முந்தானையில் கையைத் துடைச்சுக்கிட்டா.

"சொன்னாளா இல்லையா?"

"ஆர்த்துகிட்டயும் சொல்ல மாட்டன்னு சொல்லியிருக்கறனுங் மிஸ்."

நான் விடுவேனா? நான் யாரோ எவரோ இல்லை சாந்தாமணி, நான் கவுன்சிலர், டாக்டர் மாதிரி, அந்தப் பிள்ளைக்கு டி.சி. குடுக்கப் போறாங்க, தெரியுமான்னு கேட்டேன். சார்ட்டைக் காட்டினேன். அவ அதை எழுத்துக் கூட்டி ரெண்டு தடவை படிச்சா. "இங்கயே இருக்குமுங்களா மிஸ்?"னா. இருக்கும்னேன். சொன்னா.

விஷயம் என்னன்னா, ஒண்ணுமே இல்லைங்க. ஜூன் மாசம், ஷீலா மிஸ் கிளாஸ். பாப்பாவுக்கு அவசரமா ஒண்ணுக்கு வந்திருக்கு. தமிழில் கேட்டிருக்கா. எங்க ஸ்கூலில் கிளாஸுக்குள்ள தமிழ் கூடாது. "இங்கிலீஷில் கேளு"ன்னு ஷீலா மிஸ் சொல்லியிருக்காங்க. இவளுக்கு அந்த வரி வரலை. நின்னு யோசிச்சுக்கிட்டே இருந்திருக்கா. நின்ன இடத்திலேயே போயிட்டா. எல்லாப் பிள்ளைங்களும் மூக்கைப் பிடிச்சிருக்குங்க. அன்னைக்கும் துடைச்சு, பாவாடையை அலசி வெயிலில் காயப் போட்டுக் கட்டி விட்டது இந்த சாந்தாமணிதான். அதில் இருந்து அவ முடிவு பண்ணிட்டாளாம். தமிழில் கேட்டாத் தப்பு, இங்கிலீஷில் வரலைன்னா தப்பு, பேசாம இருந்தா யாரும் ஒண்ணும் சொல்றதில்லைன்னு.

பாருங்க, எவ்வளவு சின்ன விஷயம். இதை அவ நேரா என்கிட்டச் சொல்லியிருந்தா முதல் வாரத்திலேயே முடிச்சிருப்பேன்.

அந்த... பாட்டில் விஷயம்கூட... சரி, அதை விடுங்க. அது மூடி சரியில்லாத பாட்டில்.

ஏதோ சொல்ல வந்தீங்க? இருங்க, இதை முடிச்சிடறேன், இல்லைன்னா எனக்கு விட்டுப் போயிடும்.

காரணம் தெரிஞ்சாச்சு. அடுத்தது என்ன? எல்லாரையும் கூப்பிட்டு வெச்சு வெளிப்படையாப் பேசறது. மனசில் அமுக்கி வெச்சதை நாலு பேருக்கு முன்னாடி எடுத்துப் போட்டாத்தான் பாரம் இறங்கும். அவங்கப்பா ரிக் வண்டியில் இருந்து ஊருக்கு வந்திருந்தார், அதுவும் தோதாப் போச்சு. தாளாளர் ரூமில் மீட்டிங். தாளாளர், ஹெட்மிஸ்ட்ரஸ், ஷீலா மிஸ், அப்பா, அம்மா, நடுவில் ஒரு நாற்காலியில் பாப்பா. நான் எழுந்து நின்னு, ஃபைலைப் பார்த்து, ஒண்ணு விடாம வாசிச்சேன். தேதியோட. யார் மூலமாத் தெரிஞ்சதுன்னும் சொன்னேன். ஆயாவுக்கும் அந்தப் பெருமை போய்ச் சேரட்டுமேன்னுதான்.

அப்புறம் அவங்கப்பா சிரிச்சுட்டார். பாவம், மனுசன் மகளுக்கு என்னமோ ஏதோன்னு பயந்து போய் வந்திருக்கார். "அட, இதுக்கா கண்ணு? ஒண்ணுக்குப் போனதுக்கா வாயைக் கட்டிக்கிட்டே?"ன்னு கேட்டுட்டு, கண்ணில் தண்ணி வரச் சிரிச்சார். தாளாளரும் சிரிச்சார். ஹெட்மிஸ்ட்ரஸ் சிரிச்சாங்க. ரூமே லேசாயிடுச்சு. ஷீலா மிஸ்தான், "நான் அப்படிச் சொல்லவே இல்லை. நீயே சொல்லு பிரணிகா, நான் சொன்னேனா? சொன்னேனா?"ன்னு கேட்டாங்க. அவ எங்க பேசினா? "பாருங்க, பதிலே இல்லை"ன்னுட்டு உட்கார்ந்துட்டாங்க.

அப்பத்தான் சாந்தாமணி டீத் தட்டோட உள்ளே வந்தா. பாப்பா தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தா. நான் தாடையைத் தொடாம, தானாவே நிமிர்ந்து. அப்படியே பார்த்துக்கிட்டே இருந்தா. எனக்கு உடம்பு சிலிர்த்துப் போச்சு. அன்னைக்கு நோட்டில் எழுதினேன்: முதல் முறையாக ஒருவரை நேருக்கு நேர் பார்த்தாள். நல்ல முன்னேற்றம்.

சாந்தாமணி தட்டை மேஜையில் வெச்சுட்டு வெளியே போனா. டீயைக்கூட எடுத்துக் குடுக்கலை. மறுநாள் வாட்ச்மேன்கிட்டச் சாவியைக் குடுத்துட்டுப் போனவதான். ஏன் எதுக்குன்னு ஒரு வார்த்தை இல்லை. எங்க ஸ்கூலில் பாத்ரூம் கழுவ ஆள் கிடைக்காதுங்க, ஹெட்மிஸ்ட்ரஸ் போன் மேல போன் போட்டாங்க. எடுக்கவே இல்லை. என் நம்பரில் இருந்து போட்டேன். எடுத்தா. "நானுங்க சாந்தாமணி"ன்னா. நான் ரேணுகா மிஸ் பேசறேன்னு ஆரம்பிச்சு, அவ பண்ணினது எவ்வளவு பொறுப்பில்லாத காரியம்னு விளக்கிச் சொல்லிக்கிட்டு இருந்தேன். ஒரு பத்து நிமிஷம் கழிச்சுத்தான் தெரிஞ்சது, லைன் எப்பவோ கட்டாயிடுச்சுன்னு. இந்தப் பக்கம் டவர் சரியில்லை போல.

அதுக்கப்புறமும் பாப்பா தினம் மத்தியானம் ரிப்பனை உருவிக்கிட்டுக் குழாயடியில் போய் நின்னா. புது ஆயா யாரும் வரலை. நான் பின்னி விடறேன் வான்னு கூப்பிட்டேன். முதுகைச் சுவத்தில் ஒட்டிக்கிட்டு நின்னா. அவிழ்ந்த தலையோட கிளாஸுக்குப் போனா ஷீலா மிஸ் வெளியே நிறுத்தினாங்க. நாலு நாள் இப்படியே. அப்பத்தான் எனக்கு ஒரு யோசனை வந்தது. முடி இருந்தாத்தானே இந்தப் பழக்கம்? அவங்க அம்மாவைக் கூப்பிட்டு, கிராப் வெட்டி விட்டுடுங்க, எல்லாம் சரியாயிடும்னு சொன்னேன்.

அந்தம்மா தயங்கினாங்க. "அது பிறந்ததில் இருந்து ஆசையா வளர்த்தறனுங் மிஸ்." முடி முக்கியமா பிள்ளை முக்கியமான்னு கேட்டேன். பாப்பா திங்கக்கிழமை கிராப்போட வந்தா. ஒட்ட வெட்டியிருந்தாங்க. பையன் மாதிரி அழகாத்தான் இருந்தது. குழாயடிக்கும் போகலை. பார்த்தீங்களான்னு ஹெட்மிஸ்ட்ரஸ்கிட்டச் சொன்னேன்.

நேத்து, வெள்ளிக்கிழமை, அவங்க அம்மா தறிக்கு லீவு போட்டுட்டு வந்தாங்க. நாற்காலியில் உட்காரலை. "ஊட்லயும் பேச மாட்டீங்குதுங் மிஸ்"னாங்க. "முடி வெட்டுன அன்னைக்கு இருந்து. சோறு வேணுமான்னாத் தலையை ஆட்டுது. அவங்கப்பன் போன் பண்ணினாக் காதில் வெச்சுக்கிட்டே நிக்குது. மொதல்ல ஊட்லயாவது பேசிக்கிட்டு இருந்துச்சுங்களே." நான், இது ஒரு கட்டம், சரியாகறதுக்கு முன்னாடி கொஞ்சம் அதிகமாகும்னு சொல்ல ஆரம்பிச்சேன். அவங்க குறுக்கே, "சாந்தாமணியக்கா ஊடு எங்கீங்க?"ன்னாங்க. நான் பேசிக்கிட்டு இருக்கறப்பவே. மறுபடியும், "நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாமுங் மிஸ். அந்தக்கா ஊடு எங்கீங்க, அதை மட்டும் சொல்லுங்க."

திங்கக்கிழமைதான் வாய்மொழித் தேர்வு. தாளாளர் வந்து உட்காருவார். டி.சி. ஃபாரம் ஹெட்மிஸ்ட்ரஸ் மேஜையில் எழுதி ரெடியா இருக்கு, நான் என் கண்ணால் பார்த்தேன். கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி. ஒரு அம்மாவை அப்படி ஒரு ஆயா வீட்டுக்கு அனுப்பறது பள்ளிக்கூடத்துக்கு மரியாதையா? அதான் நானே போறேன்னு சொல்லிட்டேன். ஆபீஸ் ரெஜிஸ்டரில் விலாசம் எடுத்தேன். ஈச்சங்காட்டுவலசு, மாரியம்மன் கோயிலுக்கு மேக்காலன்னு போட்டிருக்கு.

என்ன பேசணும்னு ஒரு தாளில் எழுதி வெச்சிருக்கேன். பன்னெண்டு பாயிண்ட். முதலில் அவ பண்ணினது தப்புன்னு புரிய வெக்கணும். அப்புறம் பிள்ளையோட நிலைமை. அப்புறம், அவ வந்து பழையபடி குழாயடியில் உட்கார்ந்து, பாப்பாவுக்குத் தலை பின்னி விட்டாப் போதும், மத்ததை நான் பார்த்துக்கறேன்னு...

முடி இல்லை.

இல்லைங்க, அதுதான் இப்ப யோசிக்கறேன். அது எழுதறப்பத் தோணலை. பின்னறதுக்கு முடி இல்லையே அவளுக்கு.

வளர்ந்துடும். பிள்ளைங்களுக்குச் சீக்கிரம் வளரும். ஒரு வருஷம். திங்கக்கிழமைக்குள்ள வளராது, அது எனக்குத் தெரியும். சும்மா சீப்பை வெச்சு வாரினாக்கூடப் போதுமோ என்னமோ. முதுகைத் திருப்பி உட்கார்ந்தாப் போதுமோ. அது பின்னலா, முதுகா, அந்த வாயில் கடிச்ச ரிப்பனா, என்னன்னு எனக்குத் தெரியலைங்க. எந்தப் புஸ்தகத்திலும் போடலை. சாந்தாமணியைக் கேட்டா, ஒண்ணும் பண்ணுலீங் மிஸ்ம்பா.

அவ முதலில் கதவைத் திறக்கணும். திறந்தா நான் பேசிடுவேன். பேசறதில் எனக்குப் பயம் இல்லை.

கண்டக்டர் ஏன் நம்மளையே பார்க்கறார்? என்னங்க? யாருக்கு, இவங்களுக்கா? இவங்க டிக்கெட் கோழிப்பண்ணை ஸ்டாப்புக்கா? அது எப்பவோ தாண்டிடுச்சா?

அட ஏங்க, நாலு ஸ்டாப் தாண்டியாச்சுங்கறார். கூடையை இப்படிக் குடுக்கச் சொல்லியிருந்தா நான் எடுத்துக் குடுத்திருப்பேனே. இப்ப இந்த வெயிலில் எப்படி நடந்து போவீங்க? நல்ல ஆளுங்க நீங்க. இவ்வளவு நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கீங்க, நான் என்ன உங்களைப் பிடிச்சா வெச்சிருந்தேன்? வாயைத் திறந்து சொன்னாத்தானே மத்தவங்களுக்குத் தெரியும்?